அரை இன்ச் ஆசாமி

“பாபின், கேட்டியா?”

“கேட்டேன் அண்ணி.”

“ரேடியோவுல என்ன சொன்னாங்கன்னு கேட்டியா?”

“அதையும் கேட்டேன். நீங்க முதல்ல இஸ்திரிப்பெட்டியத் தூக்குங்க. வக்கீல் சட்டை கருகுற வாசனை இங்க வரைக்கும் வருது.”

அண்ணி அலறிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். வெள்ளைச் சட்டையின் முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது.

“போகட்டும். முதுகுலதானே? கோட்டுக்குள்ள மறைஞ்சிடும். சட்டை போனா போகுது, சட்டம் வந்திருக்குடி! பொம்பளைங்க பின்னாடி சுத்துறவனை இனிமே சும்மா விடமாட்டாங்களாம். சட்டசபையில நிறைவேத்திட்டாங்களாம்.”

“நிறைவேத்தட்டும். நம்ம தெருவுக்கு வரும்போது பார்க்கலாம்.”

இந்தப் பதில் திரைக்குப் பின்னாலிருந்து, உள்ளறையிலிருந்து வந்தது. அது அறையே அல்ல. வெட்டுத்துணி மூட்டைகளை அடுக்கிவைக்கும் இடம். நான்கு மாதமாகப் பாபின் அங்கேதான் குழல்விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் ஆறு வருஷம் அவளுடைய மிஷின் தெருப்பக்கத்து ஜன்னலோரம் இருந்தது. இப்போது அந்த ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது.

பாபின் என்பது மிஷினுக்குள் சுழலும் சின்ன நூல்சக்கரம்; அண்ணன் அவளுக்கு வைத்த பெயர். சின்ன வயதில் குட்டையாக, உருண்டையாக, ஓரிடத்தில் நில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாளாம். வளர்ந்த பிறகு குட்டையும் போயிற்று, உருண்டையும் போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. அவளும் அண்ணன் பெண்டாட்டியும் சேர்ந்து நடத்தும் கடை அது. புதுத்துணி தைப்பதில்லை. கிழிந்ததை ஒட்டுவது, நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது, இவ்வளவுதான் வேலை.

அந்த இடுப்பில்தான் வினை வந்தது.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் பழுப்பு நிறப் பேண்ட்டோடு வந்தான். தலை படிய வாரியிருந்தான், பேச்சு மரியாதையாக இருந்தது.

“இடுப்பு லூசா இருக்குங்க. அரை இன்ச் பிடிக்கணும்.”

பிடித்துக் கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அதே பேண்ட்.

“இறுக்குதுங்க. அரை இன்ச் விடணும்.”

விட்டுக் கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரம் பிடிக்க வேண்டியிருந்தது.

“பாவம், வயித்துல ஏதோ கோளாறு போலிருக்கு. ஒரு வாரம் ஊதுது, ஒரு வாரம் வத்துது. டாக்டரைப் பாருங்கன்னு சொல்லலாமா?” என்று அண்ணி இரக்கப்பட்டாள். அவனுக்கு ‘அரை இன்ச்’ என்று பெயரும் வைத்துச் சிரித்தார்கள்.

சிரிப்பு ஒரு மாதம்கூட ஓடவில்லை. பேண்ட்டைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அவன் பேண்ட்டைப் பார்ப்பதில்லை என்பதை முதலில் கவனித்தது பாபின்தான். பிறகு எதிர்வரிசை ஜெராக்ஸ் கடை வாசலில் மணிக்கணக்காக நின்றான். பிறகு சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் பத்தடி பின்னால் வந்தான். அவள் பஸ்ஸை மாற்றினாள், அவனும் மாற்றினான். தெரியாத எண்களிலிருந்து போனில் செய்தி வந்தது: ‘இன்னைக்குப் பச்சை ரொம்ப நல்லாயிருக்கு.’ அன்றோடு பச்சை உடுத்துவதை விட்டாள். அவன் கையைப் பிடித்ததில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. எங்கே திரும்பினாலும் இருந்தான், அவ்வளவுதான்.

நான்காவது மாதம் அண்ணியும் அவளும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேனா மூடியைக் கழற்றாமலே கேட்டார்.

“அடிச்சானா?”

“இல்லைங்க.”

“கையைப் பிடிச்சு இழுத்தானா? மிரட்டினானா?”

“இல்லைங்க. பின்னாடியே வர்றான்.”

“ரோடு எல்லாருக்கும் பொதுதானேம்மா.”

“கடைக்கும் வர்றானே.”

“கஸ்டமர் கடைக்கு வராம எங்க போவான்? கல்யாணம் பண்ணிவைங்க, எல்லாம் சரியாயிடும்.”

“அவனுக்கா, இவளுக்கா?” என்று கேட்டுவிட்டு அண்ணி எழுந்து வந்துவிட்டாள். மறுநாள்தான் ஜன்னலில் அட்டை ஏறியது.

வீட்டில் அண்ணன் குதித்தான். அவன் சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டுபவன்.

“கொக்கியில மாட்டி நாலாவது மாடி உயரத்துல நிறுத்திடறேன். காத்து வாங்கட்டும்.”

“அப்புறம் நீங்க கம்பி எண்ணுங்க. அவன் கைய வைக்காம நடந்துக்கிறான், நீங்க வெச்சிட்டா குற்றவாளி யாரு?” என்றாள் அண்ணி.

அப்பா தகரப் பெட்டி ஒன்றைத் தூசி தட்டி அலமாரி மேல் எடுத்துவைத்தார்.

“மாசக் கடைசியில அத்தை வீட்டுக்குப் போயிடும்மா. நான் அவகிட்ட பேசிட்டேன்.”

“அங்க போய் என்னப்பா பண்ணுவேன்? அத்தைகிட்ட ஊசிகூடக் கிடையாது.”

“உயிரோட இருப்ப, அது போதும் எனக்கு.”

“தப்பு பண்றவன் இங்க இருப்பான், நான் ஊரை விட்டுப் போகணுமா?”

“அவனை அனுப்ப எனக்கு வழியில்ல. உன்னைத்தான் அனுப்ப முடியுது” என்றார் அப்பா. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தபோதுதான் ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. வக்கீல் சட்டையை அப்படியே போட்டுவிட்டு அண்ணி கடையை இழுத்துச் சாத்தினாள். ரசீதுச் சீட்டுகளின் கார்பன் நகல்களைக் குத்திவைக்கும் கம்பியை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டாள்.

“கிளம்பு.”

“எங்க?”

“ஸ்டேஷனுக்கு.”

“கம்பி எதுக்கு அண்ணி? குத்தவா?”

“சீட்டுடி, சீட்டு. இந்தத் தடவை வெறுங்கையோட போகப் போறதில்ல.”

ஸ்டேஷனில் பழைய ஆள் இல்லை. புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கடும் ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் புதுச் சட்டத்தின் நகல். காக்கிச் சட்டையின் மூன்றாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பாபின் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். பேனா மூடியையும் கழற்றினார். பிறகு கம்பியிலிருந்த சீட்டுகளில் அவனுடையதை மட்டும் தனியே எடுத்து வரிசையாக வைத்தார். இருபத்தேழு இருந்தன.

“இது யார் எழுதினது, ‘வியாழன் வரவும்’னு?”

“நான்தாங்க” என்றாள் அண்ணி.

“ஒவ்வொரு சீட்டுலயும் இருக்கே.”

“எல்லாருக்கும் அதாங்க எழுதுவேன். வக்கீலுக்கும் அதான், வாத்தியாருக்கும் அதான். திங்கள் வாங்குவோம், வியாழன் கொடுப்போம். கடை வழக்கம்.”

“நாளைக்குக் கோர்ட்டுல அவனோட வக்கீல் இதைத்தான் நீட்டுவாரு. ‘ஐயா, என் கட்சிக்காரர் தானா போகல. இருபத்தேழு தடவை வா வான்னு எழுதிக் கொடுத்துக் கூப்பிட்டிருக்காங்க’ன்னு.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய விரல்களுக்கு நடுவிலிருந்து, “என் கையாலயே எழுதினேனே!” என்று ஒரு குரல் வந்தது.

“சரி, அதை விடுங்க. நீ அவன்கிட்ட எப்பவாவது நேரா ‘வேண்டாம்’னு சொன்னியாம்மா?”

பாபின் பொத்தானிடம் பதில் சொன்னாள். “மனசுக்குள்ள நூறு தடவை சொல்லியிருக்கேன்.”

“மனசுக்குள்ள சொன்னதுக்கு யாரு சாட்சி?”

“பேசினா அதையே சாக்கா வெச்சுப் பேச்சு வளர்ப்பானோன்னு பயம் மேடம்.”

“பயம் நியாயம்தான்.” இன்ஸ்பெக்டரம்மா ஒரு தும்மல் போட்டுவிட்டு நகலைப் பிரித்தார். “இப்ப கவனமாக் கேளு. பழைய சட்டத்துல அடி வேணும், மிரட்டல் வேணும். புதுசுல அதெல்லாம் வேண்டாம். வேண்டாம்னு தெளிவாச் சொன்ன பிறகும் ஒருத்தன் ரெண்டு தடவை பின்னாடி வந்தாலோ, எதிர்ல நின்னு பார்த்தாலோ, போன்ல செய்தி போட்டாலோ, அதுவே குற்றம். உடனே தடை உத்தரவு வாங்கலாம். அதை மீறினா உள்ள போகணும். ஆனா சட்டம் அமலுக்கு வர்றது ஒண்ணாம் தேதி. அதுக்கப்புறம் நடக்கிறதுதான் கணக்கு. இந்த ஏழு மாசத்தைப் பழக்கம்னு காட்டலாம், அதுக்காகத் தண்டிக்க முடியாது.”

“அப்போ... அவன் மறுபடியும் வரணுமா?”

“ஆமா.”

“ஏழு மாசமா வரக்கூடாது வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருக்கேன். இனிமே வரணும்னு வேண்டிக்கணுமா?”

“நீ வேண்டவே வேண்டாம். அவனா வருவான். நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிடு, சாட்சி வெச்சுச் சொல்லு. தனியா எங்கேயும் போகாத. இந்தா என் நம்பர்.” பிறகு அண்ணியிடம் திரும்பினார். “உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?”

“கிரேன் ஓட்டுறாருங்க.”

“கையைக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க.”

அப்பாவிடம் பதினைந்தாம் தேதி வரைக்கும் தவணை வாங்கினார்கள். தகரப் பெட்டி அலமாரி மேலேயே இருந்தது.

அந்த ஒன்பது நாளும் பாபின் மிஷினை மிதித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். திரைக்கு இந்தப் பக்கமிருந்து அண்ணி மதிப்பெண் போட்டாள்.

“கடைக்கு வராதீங்க...”

“கெஞ்சாதே. கடன் கேட்கிற மாதிரி இருக்கு.”

“கடைக்கு வராதீங்க!”

“இது பரவாயில்ல. ஆனா ‘மன்னிச்சுக்குங்க’ன்னு கடைசியில முணுமுணுக்கிற பாரு, அதைக் கத்தரிச்சுப் போடு.”

“‘வராதே’ன்னு சொல்லட்டுமா?”

“மரியாதையாவே சொல்லு. கோர்ட்டுல நம்ம பக்கம் ஒரு நூல்கூடப் பிசிறக் கூடாது.”

சீட்டு விஷயத்தில் அண்ணிக்கு மனம் ஆறவேயில்லை. மூன்றாம் நாள் திடீரென்று தொடையில் தட்டினாள்.

“அடியே, ரிட்டர்ன் சீட்டு!”

வேலை செய்யாமல் துணியைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் கடையில் ஒரு சீட்டு உண்டு. ‘கொடுத்தபடியே திரும்பப் பெற்றுக்கொண்டேன்’ என்று வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும். கிழித்துவிட்டார்கள், கறையாக்கிவிட்டார்கள் என்று பிற்பாடு யாரும் சண்டைக்கு வராமல் இருக்க அண்ணி செய்துவைத்த ஏற்பாடு.

“அவன் பேண்ட் நம்மகிட்டதான் வரப்போகுது. தொடாமத் திருப்பிக் கொடுப்போம். சீட்டுல எழுதறதை எழுதுவோம்.”

ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. பேண்ட் வந்தது, அண்ணி பேசாமல் வாங்கிவைத்தாள். நான்காம் தேதி வியாழன். ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் பாபின் அவன் வரும் நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே கால் மணிக்கு வந்தான்.

“ரெடியாங்க?” என்று அண்ணியைக் கேட்டான், கண் திரையில் இருந்தது.

திரை விலகியது. பாபின் வெளியே வந்தாள். அவன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டான்.

“நான் சொல்றதைக் கேளுங்க. இந்தக் கடைக்கு இனிமே வராதீங்க. எதிர்ல நிக்காதீங்க. பஸ் ஸ்டாப்புக்கு வராதீங்க. போன்ல எதுவும் அனுப்பாதீங்க. எனக்குப் பிடிக்கல. வேண்டாம்.”

ஒத்திகையை விடச் சத்தமாகவே வந்துவிட்டது. சாட்சிக்காக அண்ணி பக்கத்தில் உட்காரவைத்திருந்த ஜெராக்ஸ் கடை அம்மாள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார். கடைசியில் மன்னிப்பும் கேட்கவில்லை.

அவன் முகத்தில் கோபமே இல்லை. மெல்லச் சிரித்தான்.

“ஏழு மாசத்துல இன்னைக்குத்தான் என்கிட்ட பேசியிருக்கீங்க.”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பாபின் ஓரடி பின்வாங்கினாள். அண்ணி இடையில் புகுந்தாள்.

“இந்தாங்க உங்க பேண்ட். வேலை செய்யல. சீட்டைப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. படிச்சுப் பார்த்து.”

“சரிங்க.”

“நானே படிக்கட்டுமா? ‘பேண்ட் கொடுத்தபடியே திரும்பப் பெற்றுக்கொண்டேன். இனி இந்தக் கடைக்கு வர வேண்டாம் என்றும், இங்கே வேலை செய்யும் பெண்ணைப் பின்தொடரவோ போனில் தொடர்புகொள்ளவோ வேண்டாம் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது.’ காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு, விழுந்துச்சு.”

கையெழுத்துப் போட்டான். போடும்போதும் கண் சீட்டில் இல்லை. கோட்டுக்கு மேலே ஏறி, தேதியைக் கடந்து, மூலைக்கு ஓடியிருந்தது கையெழுத்து. அடியில் கார்பனிலும் விழுந்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பாபின். பத்தடி தள்ளி அவன். பஸ் நகர்வதற்குள் போன் அதிர்ந்தது. ‘கோபத்துலதான் நீ இன்னும் அழகு.’

“ஒண்ணு, ரெண்டு” என்று அண்ணி விரலை மடக்கினாள். “அழிச்சிடாதே. எந்தச் செய்தியையும் அழிச்சிடாதே.”

மறுநாள் காலையிலேயே புகார் எழுதிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார், பூட்டியிருந்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, எதுவுமே நடக்காதது போல, அவன் பழுப்புப் பேண்ட்டோடு கடை வாசலில் ஏறினான்.

“அரை இன்ச் விடணுங்க.”

உள்ளறையில் பாபின் போனை எடுத்தாள். “மேடம், வந்திருக்கான்.” “பத்து நிமிஷம். பிடிச்சு வை” என்றது மறுமுனை.

பிடித்துவைப்பதற்கு அண்ணிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள்.

“ஒவ்வொரு தடவையும் மாறிக்கிட்டே இருக்கே. இன்னைக்கு முழுசா அளவெடுத்திடலாம். நேரா நில்லுங்க. மூச்சைப் பிடிங்க. ம், விடுங்க. மறுபடி பிடிங்க.”

இடுப்பு எடுத்தாள். தொடை எடுத்தாள். முழங்கால், கணுக்கால், உள்கால், வெளிக்கால். வலது கால் முடிந்து இடது கால். பிறகு தோள்.

“பேண்ட்டுக்குத் தோள் எதுக்குங்க?”

“தோள் சாஞ்சா இடுப்பும் சாயும். அசையாதீங்க. கழுத்து.”

“கழுத்தா?”

“கழுத்துதான் ரொம்ப முக்கியம்” என்றாள் அண்ணி. திரைக்குப் பின்னால் பாபின் ஒரு வெட்டுத்துணியை வாயில் திணித்துக்கொண்டாள். பல மாதத்துக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மணிக்கட்டுக்குப் போவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

ஸ்டேஷனில் அவன் தெளிவாகத்தான் பேசினான். “நான் கஸ்டமர் மேடம். உடம்பு ஏறி இறங்குது. தைக்கக் கொடுக்கறேன். இதுல என்ன தப்பு?”

“எவ்வளவு ஏறி இறங்குது?”

“சொல்ல முடியாதுங்க.”

“நான் சொல்றேன்.” இன்ஸ்பெக்டரம்மா சீட்டுகளைச் சீட்டாட்டம் போல விரித்தார். “முப்பத்துநாலு. முப்பத்துமூணரை. முப்பத்துநாலு. முப்பத்துமூணரை. இருபத்தேழு வாரம். கடல்கூட இவ்வளவு ஒழுங்கா ஏறி இறங்காதே தம்பி. இன்னைக்கு அந்தம்மா எடுத்த அளவு என்ன?”

“முப்பத்தெட்டுங்க” என்றாள் அண்ணி. “இந்தப் பேண்ட் இவருக்கு எந்தக் காலத்துலயும் ஏறாது. இதைக் கொஞ்சம் பாருங்க.” பேண்ட்டின் இடுப்பை உள்பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். தையலின் ஓரத்தில் ஊசித்துளைகள் வரிவரியாகத் தெரிந்தன. “ஒரே தடத்துல தைச்சா துணி இத்துப்போகும்னு ஒவ்வொரு தடவையும் நூலளவு தள்ளித் தள்ளித் தைச்சேன். எண்ணிப் பாருங்க. ஆனா முட்டியைப் பாருங்க, பின்பக்கம் பாருங்க. ஒரு நாள் உட்கார்ந்து எழுந்த தேய்மானம்கூட இல்ல. இது போட்டுக்கிற பேண்ட் இல்லைங்க. கடைக்குள்ள வர்றதுக்கு வெச்சிருந்த டிக்கெட்டு.”

“என்கிட்ட யாரும் வேண்டாம்னு சொல்லலையே” என்றான் அவன். குரல் இப்போது கொஞ்சம் பிசிறடித்தது.

இன்ஸ்பெக்டரம்மா ரிட்டர்ன் சீட்டைத் தள்ளினார். “கையெழுத்து உன்னுதுதானே?”

அவன் அந்தச் சீட்டை முதல் தடவையாகப் படித்தான். படித்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

அண்ணன் வேலையிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றிருந்தான். அவன் கை நீளாமல் இருக்க, அண்ணி இரண்டு தையல் மிஷின்களின் இரும்புத் தலைகளையும் அவன் கைகளில் ஏற்றி வைத்திருந்தாள். “எதுக்குடி இதெல்லாம் ஸ்டேஷனுக்கு?” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. “எண்ணெய் போடப் போற வழியில எடுத்துட்டு வந்தேன். கீழ வெச்சிடாதீங்க, உடைஞ்சிடும்” என்றாள். அவன் கீழே வைக்கவேயில்லை.

கோர்ட்டு அந்த வாரமே உத்தரவு போட்டது. புகாருக்காக அவன் பதினைந்து நாள் காவலில் இருந்தான். வெளியே வந்தபோது அந்தத் தெருவிலும் பஸ் ஸ்டாப்பிலும் கால் வைக்கக் கூடாது, எந்த எண்ணிலிருந்தும் ஒரு சொல்கூட அனுப்பக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. முதல் இரண்டு வாரம் பாபின் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் நடந்தாள். மூன்றாவது வாரம் இருபதடிக்கு ஒரு தடவை. ஒரு நாள் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான், இன்றைக்குத் திரும்பிப் பார்க்கவே இல்லையே என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் சிரித்துக்கொண்டாள்.

பதினைந்தாம் தேதி வந்து போயிற்று. அப்பா கடைக்கு வந்தார், பிளேடால் ஜன்னல் அட்டையைக் கீறி எடுத்தார். பசை விடாத இடங்களை நகத்தால் சுரண்டினார்.

“பெட்டியை என்னப்பா பண்ணினீங்க?”

“வெட்டுத்துணி போட்டு வெச்சுக்கோ. உள்ள ஒரே குப்பையா இருக்கு” என்றார். மிஷினை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அண்ணனுமாகத் தூக்கி ஜன்னலோரம் போட்டார்கள். வெயில் ஊசி மேல் விழுந்தது. பாபின் நூலை ஒரே தடவையில் கோத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. அவள் பச்சை உடுத்தி, தலையைக் குனிந்து மிஷினில் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. ஒரு குரல் கேட்டது.

“இடுப்பு அரை இன்ச் விடணும்.”

மிஷின் நின்றது. உள்ளே அண்ணியின் இஸ்திரிப்பெட்டியும் நின்றது.

கடும் ஜலதோஷக் குரல். பாபின் நிமிர்ந்தாள். காக்கிப் பேண்ட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். அந்த மூன்றாவது பொத்தான் காணாமலே போயிருந்தது, ஊக்கு குத்தியிருந்தார்.

“என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எனக்கு நிஜமாவே ஏறியிருக்குப்பா. ஜீப்புல ஏறினா மூச்சு முட்டுது.”

அண்ணிக்கு முதலில் சிரிப்பு பீறிட்டது. பிறகு பாபினுக்கு. காரணம் புரிந்ததும் இன்ஸ்பெக்டரம்மா தும்மலும் சிரிப்புமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“கழுத்தளவும் எடுப்பீங்களா?”

“உங்களுக்கு வேண்டாங்க” என்றாள் அண்ணி.

“சட்டையையும் கொடுத்து அனுப்புங்க மேடம். அந்தப் பொத்தானை அன்னைக்கே தைச்சிருக்கணும், கேட்கத்தான் தைரியம் வரல” என்றாள் பாபின்.

“எப்ப கிடைக்கும்?”

அண்ணி சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அந்த வழக்கு வந்த பிறகு அவள் யாருக்கும் கிழமையைத் தவிர வேறு எதுவும் எழுதிக் கொடுத்ததில்லை. ‘வியாழன்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவாள். பாபின் புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கி, கார்பனைச் சரியாக வைத்து, தன் கையால் எழுதினாள்.

‘வியாழன் வரவும்.’